நான்காம் தடம்

அருந்தவன் இறந்த பத்தொன்பதாம் நாள், அவனுடைய மகள் தர்ஷனா குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் சுகிர்தன் வீட்டுக்கு வந்தாள். வருவதாகக் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தாள். ஐம்பத்தைந்து வயது மனிதன், காப்புறுதி நிறுவனம் ஒன்றில் இருபது பேரைக் கட்டி மேய்க்கிறவன், ஒரு இருபத்துமூன்று வயதுப் பிள்ளைக்குப் பயந்து அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அவள் தேத்தண்ணி வேண்டாம் என்றாள். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு நேரே விசயத்துக்கு வந்தாள்.

"அங்கிள், செத்தவீட்டுக்கு மெல்போர்னில இருந்து மகேந்திரராஜா அங்கிள் வந்தவர்தானே, அவர்தான் சொன்னவர். அப்பா முந்திப் பாடுறவராம். நீங்கள் மூண்டு பேரும் ஒரு பாட்டு ரெக்கோர்ட் பண்ணினீங்களாம். அந்தக் கசெட் உங்களிட்ட இருக்காம்."

"ஓம், இருக்கு" என்றான் சுகிர்தன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். தொலைந்துபோய்விட்டது என்று சொன்னால் நம்பியிருப்பாள். ஆனால் அவளுடைய கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைப் பார்த்ததும் அவனுக்குப் பொய் வரவில்லை. அந்த நேரத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"அப்பான்ர வொய்ஸ் என்னட்ட இல்லை அங்கிள். போன்ல நிறைய மெசேஜ் இருக்கு, எல்லாம் லாஸ்ட் டூ இயர்ஸ். நாலு சொல்லுக்கு ஒருக்கா நிப்பாட்டி மூச்சு வாங்கி வாங்கிக் கதைக்கிறார். அதைக் கேட்டா ஹொஸ்பிட்டல்தான் ஞாபகம் வருது. இருமலில்லாம அவர் எப்பிடிக் கதைச்சவர் எண்டது எனக்கு மறந்துபோச்சு. யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன், வருகுதில்லை."

அருந்தவன் பதினேழு வருசம் குசினி மேடைக்குக் கல் வெட்டும் பட்டறை ஒன்றில் வேலை செய்தவன். பணக்காரர் வீடுகளில் பளிங்கு போலப் பளபளக்கும் செயற்கைக் கல். வெட்டும்போது மாவாகப் பறக்கும். அந்த மா நுரையீரலுக்குள் போய் இறுகிவிடும். ஆட்கள் ஒவ்வொருவராய்ச் சாகத் தொடங்கிய பிறகு அரசாங்கம் அந்தக் கல்லையே நாட்டில் தடை செய்தது. தடை வந்த கிழமை அருந்தவன் மூக்கில் குழாயோடு படுக்கையில் கிடந்தான். செய்தியைப் பார்த்துவிட்டு, நல்ல விசயம் என்று மட்டும் சொன்னானாம்.

அந்த மனிதனுக்கு ஒரு காலத்தில் இருந்த மூச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றெட்டில் மூன்று பேரும் ஹோம்புஷ்ஷில் ஒரே தெருவில் இருந்தார்கள். சுகிர்தன் படிக்க வந்து தங்கிவிட்டவன். அருந்தவன் அகதியாக வந்து கையில் கிடைத்த வேலையெல்லாம் செய்தவன். மகேந்திரராஜா பேஸ் கிற்றார் வாசிப்பான், மற்ற நேரம் சாப்பிடுவான். மூன்று பேருக்கும் ஜமெய்க்காவின் ரெகே பாட்டென்றால் பைத்தியம். சுகிர்தனுக்கு ரெகே என்றால் கோபம், போராட்டம், அடிவயிற்றை அதிரவைக்கும் பேஸ். அருந்தவன் அதைக் கேட்டுச் சிரிப்பான்.

"டேய், கீழ தாளத்தை மட்டும் கேக்காதை. மேல தொண்டையைக் கேள். அது ஜமெய்க்காத் தொண்டை இல்லை. சிகாகோவில இருந்து வந்தது."

அவன் பழைய இசைத்தட்டுக் கடைகளில் பொறுக்கிச் சேர்த்துவைத்திருந்தான். முதலில் அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் பாட்டு ஒன்றைப் போடுவான். தேவாலயத்தில் ஆண்டவரிடம் கெஞ்சிய குரல் வெளியில் வந்து ஒரு பெண்ணிடம் கெஞ்சும் பாட்டு. ஒருவன் உச்சத்தில் நின்று பெண்குரல் மாதிரி உருகுவான், மற்றவர்கள் கீழே நின்று அவனைத் தாங்குவார்கள். பிறகு அதே பாட்டை ஜமெய்க்காவின் கிங்ஸ்டனில் மூன்று பொடியள் பாடிய தட்டைப் போடுவான். தாளம் மெதுவாகி, மாறி விழும். தொண்டை மட்டும் அப்படியே இருக்கும். ரேடியோவில் அமெரிக்க நிலையங்களைக் கேட்டுக் கேட்டு, மூச்சு எடுக்கும் இடத்தைக்கூடக் கொப்பி அடித்த பொடியள் அவர்கள்.

"கொப்பி அடிக்கிறது பிழையில்லை மச்சான்" என்பான் அருந்தவன். "அவங்கள் கொப்பி அடிச்சு அடிச்சு ஒரு நாள் தங்கட சொந்தக் குரலுக்கு வந்து சேர்ந்தாங்கள். வந்து சேரோணும், அதுதான் விசயம்."

சுகிர்தனுக்கு இந்தப் பிரசங்கம் பிடிக்காது. ஆனால் அருந்தவன் பாடத் தொடங்கினால் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அந்த உயரத்துக்கு அவன் சிரமப்பட்டு ஏறுவதில்லை, அங்கேயே குடியிருக்கிறவன் மாதிரிப் பாடுவான். மழையில் நிற்கிற ஒருவன் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்கிற பாட்டு ஒன்றைத் தமிழில் தானே எழுதினான். சோல் மாதிரிக் கெஞ்சல், ரெகே மாதிரி நடை. தமிழ்ச் சமூக வானொலி ஒன்று புதுப் பாடகர்களைக் கூப்பிட்டிருந்தது. அதற்கு அனுப்பலாம் என்று மூன்று பேரும் முடிவு செய்தார்கள்.

பதிவு செய்ய சுகிர்தனிடம் ஒரு சின்ன இயந்திரம் இருந்தது. சாதாரணக் கசெட்டில் நான்கு தடங்கள் பதியும். ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிந்து பிறகு நான்கையும் சேர்த்துக் கேட்கலாம். முதல் தடத்தில் தாளமும் சுகிர்தனின் கிற்றாரும். இரண்டில் மகேந்திரராஜாவின் பேஸ். மூன்றில் அருந்தவனின் முதற்குரல். நான்கில் அதைத் தாங்கும் பின்குரல். அதைச் சுகிர்தன் பாடுவதாகத்தான் ஏற்பாடு.

அவனால் முடியவில்லை. ஒரு பின்னேரம் முழுவதும் முயன்றான், சுருதி வழுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் அருந்தவன் அவன் தோளில் கைபோட்டு, "நீ கிற்றார் வாசிச்சதே காணும் மச்சான், நான் ரெண்டையும் பாடிவிடுறன்" என்றான். திட்டியிருந்தால் மறந்திருப்பான். அந்த அன்புதான் சுகிர்தனுக்கு மாதக்கணக்கில் குத்திக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவன் செய்ததை ஒளித்து மறைக்கத் தேவையில்லை. மூன்று கிழமை கராஜைப் பூட்டிக்கொண்டு அருந்தவனின் முதற்குரலைப் போட்டுப் போட்டுப் பயின்றான். எங்கே மூச்சு எடுக்கிறான், எந்தச் சொல்லில் குரலை உடைக்கிறான், எங்கே அழுகிற மாதிரி வந்து அழாமல் விடுகிறான், எல்லாவற்றையும் ஈயடிச்சான் கொப்பியாகக் கற்றுக்கொண்டான். பின்குரலில் வழுக்கியவனுக்கு, அச்சு ஒன்று முன்னால் இருந்ததும் எல்லாம் படிந்து வந்தது. பிறகு தானும் பாடிப் பதிய ஆசைப்பட்டான். அந்த இயந்திரத்தில் ஐந்தாம் தடம் இல்லை. தாளமும் பேஸும் பின்குரலும் கீழே வேண்டுமென்றால் மூன்றாம் தடத்தில்தான் பாட வேண்டும். பாடினால் அங்கே இருப்பது அழியும். ஜமெய்க்காவில் ஒரே தாளத்தின் மேல் நாலு பேர் மாறி மாறிப் பாடுவது வழக்கம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னான். அங்கே முதலில் பாடியவனை யாரும் அழிப்பதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். சிவப்புப் பொத்தானை அமத்தினான்.

அருந்தவன் வந்து இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டான். முடிந்ததும், "என்ர எங்கை?" என்றான்.

"அதுக்கு மேலதான் பாடினனான்" என்றான் சுகிர்தன்.

அருந்தவன் தலையை ஆட்டினான். "நல்லா வந்திருக்கு மச்சான்" என்றான். "திருப்பிப் பாடு" என்று சுகிர்தன் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. வானொலிக்காரர் அந்தப் பாட்டைப் போடவே இல்லை. அருந்தவன் கலியாணம் கட்டினான், கல் பட்டறைக்குப் போனான். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, மேய்ஸ் ஹில் கோயில் திருவிழா என்று இரண்டு குடும்பமும் இருபத்தேழு வருசம் சந்தித்துக்கொண்டுதான் இருந்தன. அருந்தவன் பாடி வெளியில் யாரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இப்போது அவனுடைய மகள் கதிரை நுனியில் இருந்தாள்.

சுகிர்தன் இயந்திரத்தை அலுமாரிக்குள் இருந்து எடுத்து வைத்தான். பாட்டு ஓடுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தான். "பிள்ளை, ஒரு விசயம்" என்று வாயும் எடுத்தான். அவள் "பிளீஸ் அங்கிள், முதல்ல போடுங்கோ" என்றாள். போட்டான்.

தாளம் வந்தது, பேஸ் வந்தது. பிறகு இருபத்தெட்டு வயதுச் சுகிர்தன் உச்சக் குரலில் கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சத் தொடங்கினான். தர்ஷனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா" என்றாள்.

உடம்பு முழுக்கக் குலுங்கி அழுதாள். இடையில் ஒரு தடவை சிரித்தாள். "மூச்சே வாங்குதில்லை, பாருங்கோ. எவ்வளவு நேரம் பிடிக்கிறார்" என்றாள். சுகிர்தனுக்கு நெஞ்சு வலித்தது. வெட்கத்தில் வந்த வலி, வேறொன்றும் இல்லை. அதைவிட வெட்கக்கேடு, அந்த நீண்ட மூச்சை அவள் மெச்சியபோது ஒரு நொடி அவனுக்குச் சந்தோசமாகவும் இருந்தது.

"பின்னால ஒராள் பாடுறது? அது நீங்களா அங்கிள்?"

அதுதான் அருந்தவன். முன்னால் கெஞ்சுகிறவனைக் கீழே நின்று தாங்கிக்கொண்டு, ஒரே ஒரு வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நான்காம் தடத்தில் மிச்சமாய் இருந்தவன். அழுது சிவந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, "இல்லை, அதுதான் உன்ர அப்பா, மற்றது நான்" என்று சொல்லப் பெரிய துணிச்சல் தேவையில்லை. சாதாரண மனிதனுக்கு இருக்கிற அளவு போதும்.

"ஓம்" என்றான் சுகிர்தன்.

அவள் இயந்திரத்தைத் திரும்ப ஓடவிட்டுப் பாட்டைப் போனில் பதிந்துகொண்டு, அவனைக் கட்டிப்பிடித்து, "போட்டு வாறன்" என்று விடைபெற்றுப் போனாள்.

அடுத்த கிழமை அவளிடமிருந்து செய்தி வந்தது. முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற நினைவு மலரின் கடைசிப் பக்கத்தில் ஒரு கியூ.ஆர். குறியீடு போடுகிறாளாம். போனைப் பிடித்தால் அப்பாவின் பாட்டு வரும். முந்நூறு பிரதி. வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. படத்தையும் அனுப்பியிருந்தாள். தேவாரத்துக்கும் வம்சாவளிக்கும் பிறகு, கட்டம் கட்டமாக அந்தக் கறுப்புச் சதுரம். அதற்குக் கீழே 'எங்கள் அப்பாவின் குரல்' என்று எழுதியிருந்தது.

சுகிர்தனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குள் ஒரு பிள்ளையிடம் சொன்ன பொய் ஒன்று, ஊர் முழுக்க அச்சில் போவது வேறு. புதன்கிழமை வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு டூன்காபியில் இருக்கும் அருந்தவன் வீட்டுக்குப் போனான். தர்ஷனா வேலைக்குப் போயிருப்பாள் என்று தெரிந்துதான் போனான். அருந்தவனின் மனைவி யோகாவிடம் முதலில் சொல்லிவிட்டு, அச்சை நிறுத்தி, பிறகு பிள்ளையிடம் சொல்வது என்பது அவன் கட்டிய திட்டம்.

யோகா குசினிக்குள் நின்று பருப்பு ஆய்ந்துகொண்டிருந்தாள். குசினி மேடை பழைய பலகை, ஓரம் உப்பியிருந்தது. ஊருக்கெல்லாம் கல் போட்ட மனிதன் தன் வீட்டுக்குள் ஒரு துண்டும் கொண்டுவரவில்லை.

"யோகா, அந்தப் பாட்டு விசயமா ஒண்டு சொல்ல வந்தனான்."

"தெரியும்" என்றாள் யோகா. "அது அவர் இல்லை."

சுகிர்தன் அப்படியே நின்றான். இருக்கச் சொல்லி அவள் சொல்லவும் இல்லை.

"கலியாணம் முடிச்ச புதுசில இதிலதான் நிண்டு எனக்குப் பாடிக் காட்டினவர். ஒருக்காத்தான். பிறகு கசெட் கதையைச் சொன்னவர். சுகிர்தனில எனக்குக் கோவமில்லை எண்டும் சொன்னவர். அவருக்கு இல்லை. எனக்கு இருந்தது. இப்பவும் இருக்கு."

"நான் தர்ஷனாவுக்குச் சொல்லப் போறன்."

"சொல்லி?"

"உண்மை தெரியோணும்தானே அவளுக்கு."

யோகா பருப்புத் தட்டை ஓரமாக வைத்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும்.

"ரெண்டு வருசமா அந்தப் பிள்ளை நித்திரை இல்லாமல் திரிஞ்சது. ஒக்சிஜன் மெஷின்ர சத்தம் மாறினா எழும்பி ஓடும். செத்த பிறகும் அந்தச் சத்தம் கேக்குதெண்டு எழும்பும். இந்தப் பாட்டு வந்த பிறகுதான் படுக்கிறாள், அதைப் போட்டிட்டு. நீங்கள் சொல்லிப்போட்டு வீட்டை போவீங்கள், உங்கட பாரம் இறங்கியிரும். என்ர பிள்ளைக்கு என்ன மிஞ்சும் சுகிர்தன்? திரும்பவும் அந்த இருமல்தான்."

சுகிர்தன் மேடையின் உப்பிய ஓரத்தை விரலால் தடவினான்.

"அவர் அதுக்குள்ள இல்லாமலும் இல்லை" என்றாள் யோகா. குரல் கொஞ்சம் இறங்கியது. "பின்னால பாடுறது அவர்தானே. பிள்ளை போடேக்க நான் பக்கத்தில இருந்து அதைத்தான் கேக்கிறன். அவள் முன்னால கேக்கட்டும், நான் பின்னால கேக்கிறன். எனக்கு அது காணும். இருபத்தேழு வருசம் பேசாமல் இருந்தனீங்கள், இனியும் அப்பிடியே இருங்கோ."

அந்த இடத்தில் சுகிர்தன் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். பின்னால் பாடுகிறது நான் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டேன் என்ற ஒரே ஒரு வசனம். ஆனால் பெரிய தண்டனைக்கு வந்தவனை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார்கள், அந்த ஆறுதல் அவனுக்குப் போதுமாக இருந்தது. சின்ன விசயம்தானே, அதைச் சொல்லி இன்னொரு தடவை ஏன் அவளை நோகடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். கோழைகளுக்கு இந்த மாதிரி நல்லெண்ணங்கள் தாராளமாக வரும். போட்டு வாறன் என்றான். யோகா பருப்புத் தட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தாள்.

முப்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. காலையில் ஐயர் வந்து கிருத்தியங்களை முடித்துவிட்டுப் போனார். வீடு கொள்ளாத சனம். கராஜுக்குள் கதிரைகள் போட்டுச் சாப்பாடு நடந்தது. வாசலில் நினைவு மலர் அடுக்கியிருந்தது. மகேந்திரராஜா மெல்போர்னில் இருந்து திரும்பவும் வந்திருந்தான். சுகிர்தனைக் கண்டதும் முதுகில் தட்டி, "நல்ல காலம்டா, நீ அதைப் பத்திரமா வச்சிருந்தனி" என்றான். மேலே பாடி அழித்த கதை அவனுக்குத் தெரியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு தர்ஷனா எழும்பி நின்றாள். தமிழும் இங்கிலீசும் கலந்து பேசினாள். அப்பா பாடுவார் என்பது இருபத்துமூன்று வயது வரைக்கும் தனக்குத் தெரியாது என்றாள். அவர் எப்படி மூச்சு விட்டார் என்பதை எல்லாரும் ஒரு தடவை கேட்க வேண்டும் என்றாள். பாட்டை ஒலிபெருக்கியில் போட்டாள்.

தாளம் வந்தது, பேஸ் வந்தது. மகேந்திரராஜா தன்னை அறியாமல் தொடையில் விரலால் தாளம் போட்டான். முதற்குரல் வந்தது. யோகா சுவரோரம் இருந்த கதிரையில், தலையைக் குனிந்து, சேலைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தாள். முதல் வரி முடிந்தது. கீழேயிருந்து பதில் வர வேண்டிய இடத்தில் வெறும் தாளம் மட்டும் போனது. இரண்டாம் வரி முடிந்தது. அப்போதும் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் வரியில் யோகா தலையை நிமிர்த்தினாள்.

சுகிர்தனின் குரல் மட்டும் தனியே, தூசு தட்டித் துடைத்த மாதிரி, அந்தக் கராஜை நிறைத்துக்கொண்டு கெஞ்சியது. அன்ரிமார் கண்ணைத் துடைத்தார்கள். யாரோ ஒரு அங்கிள், "இவ்வளவு குரலை வச்சுக்கொண்டு மனுசன் வாய் திறக்கேல்லையே" என்றார்.

முடிந்ததும் தர்ஷனா முகமெல்லாம் கண்ணீரும் சிரிப்புமாக அம்மாவிடம் வந்தாள். சுகிர்தன் இரண்டு கதிரை தள்ளி நின்றான்.

"எவ்வளவு க்ளியர், பாத்தீங்களா அம்மா? ஒரு ஆப் இருக்கு. குரலையெல்லாம் வேற வேறயாப் பிரிச்சுத் தரும். பின்னால போன வொய்ஸை முழுசா எடுத்திட்டன். பிறின்ற் பண்ணினதிலயும் இந்த வேர்ஷன்தான் வரும்." பிறகு அவனைப் பார்த்து, "சொரி அங்கிள், உங்களைத்தான் எடுத்தது. கோவிக்காதேங்கோ. எனக்கு அப்பாவை மட்டும் கேக்கோணும் போல இருந்தது" என்றாள்.

"அதைத் திருப்பிப் போடும் பிள்ளை" என்றாள் யோகா.

"எதை அம்மா?"

"பின்னால பாடினதை."

"ஏன் அம்மா? அது சுகிர்தன் அங்கிள்தானே. அவரே சொன்னவர்."

யோகா அவனைப் பார்த்தாள். பேசாமல் இரு என்று சொன்ன அதே பெண்தான். இப்போது அந்தக் கண்கள் அப்படிச் சொல்லவில்லை என்பது சுகிர்தனுக்கு விளங்கியது, நன்றாகவே விளங்கியது. அவளால் சொல்ல முடியாது. அவள் வாயைத் திறந்தால் மகளின் நித்திரையைத் தன் கையாலேயே பறிக்க வேண்டும். அவன் சொல்லலாம். அவன்தான் சொல்ல வேண்டும். மகேந்திரராஜா கையில் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றான். சுற்றியிருந்த முகங்கள் எல்லாம் அவன் பக்கம் திரும்பியிருந்தன, அன்போடு.

"பரவாயில்லை பிள்ளை" என்றான் சுகிர்தன். "அப்பாவைத்தான் கேக்கோணும்."

தர்ஷனா எட்டி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். யோகா எழும்பவில்லை, அழவும் இல்லை. கராஜின் அந்தப் பக்கத்தில் இருந்து யாரோ, பிந்தி வந்தவர்கள் கேட்கவில்லை, இன்னொருக்காப் போடுங்கோ என்றார்கள். தர்ஷனா போட்டாள்.